சார்ஜ் ஏறினால் ஃபான் ஓட வேண்டும்: படகின் பற்றறிப் பெட்டிக்குக் காற்று விடும் வழி

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் சித்தப்பாவின் பைபர் படகில் நடந்தது இது. இரவு முழுக்க சார்ஜரில் கிடந்த பற்றறியைக் காலையில் கழற்றப் போனார். பெட்டி மூடியைத் தூக்கினார், சார்ஜரை நிறுத்தாமலே கிளிப்பை இழுத்தார், ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான், படார். பற்றறியின் மேல்பக்கம் பிளந்து ஒரு பாதி கடலுக்குள் போய்விட்டது. என் பக்கம் திரும்பி ஏதோ கதைத்துக்கொண்டு இழுத்ததால் கண் தப்பியது. அமிலம் தெறித்த சாரம் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, சித்தி துவைத்துக் கொடியில் போட்ட பிறகு பார்த்தால் அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

அதற்கு முதல் நாலு வருடம் அதே பெட்டி, அதே சார்ஜர், ஒன்றுமே நடக்கவில்லை. துறையில் யாரிடம் இதைச் சொன்னாலும் வருகிற பதிலும் அதுதான்: "தம்பி, நான் எத்தினை வருசமாப் பெட்டியைப் பூட்டித்தான் சார்ஜ் போடுறன், ஒண்டும் நடக்கேல்லை." நடக்காதுதான், பொறி வராத வரைக்கும். பற்றறியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டு விறாந்தையில் வைத்து சார்ஜ் போடுகிறவர்களுக்கு நான் சொல்லப்போகிறது எதுவும் தேவையில்லை, விறாந்தையை விட நல்ல காற்றோட்டம் வேறு இல்லை. ஆனால் சோலார் பனல் பூட்டியவர்கள், எஞ்சினிலிருந்தே சார்ஜ் எடுப்பவர்கள், 100 அம்பியர் மணிப் பற்றறி இரண்டைச் சுமந்து முதுகு போனவர்கள் எல்லோரும் பெட்டிக்குள் வைத்தபடியேதான் சார்ஜ் போடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் ஃபானை எங்கே வைப்பது, எப்போது ஓடவிடுவது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஈய அமிலப் பற்றறி பாதி வயிற்றோடு இருக்கும்போது போடுகிற மின்சாரத்தை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். நிரம்பி வரும்போதுதான் வாங்க இடமில்லாமல் மிச்ச மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கும், ஐதரசனும் ஒட்சிசனும் குமிழி குமிழியாக வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் சோதனைக் குழாய் வாயில் எரியும் குச்சியைப் பிடித்து 'பொப்' சத்தம் காட்டியிருப்பாரே, அதே வாயுதான். காற்றில் ஐதரசன் 4 சதவீதம் இருந்தாலே பற்றும், 75 சதவீதம் வரைக்கும் பற்றும். அதற்குப் பெரிய நெருப்பு வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. கூழ்முட்டை மணம் வந்தால் அது வேறு விஷயம், பற்றறி அளவுக்கு மீறிச் சூடாகி ஐதரசன் சல்பைட்டு வருகிறது என்று அர்த்தம், அந்த நேரம் ஃபானை நம்பிக்கொண்டு நிற்காமல் சார்ஜரைச் சுவரில் நிறுத்திவிட்டு விலகுங்கள்.

சரி, எவ்வளவு வாயு வரும்? எங்கள் பெட்டியையே எடுக்கிறேன். 60 சென்டிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம், அதாவது 96 லீற்றர். இரண்டு பற்றறி உள்ளே போனால் வெறும் இடம் ஏறக்குறைய 70 லீற்றர். அதில் 4 சதவீதம் என்றால் 2.8 லீற்றர் ஐதரசன். மிச்ச மின்சாரத்தில் ஒவ்வொரு அம்பியர் மணிக்கும் ஒரு செல்லிலிருந்து கிட்டத்தட்ட 0.45 லீற்றர் ஐதரசன் வரும், 12 வோல்ற் பற்றறிக்கு 6 செல், ஆகவே ஒரு அம்பியர் மணிக்கு 2.7 லீற்றர். நிரம்பும் கட்டத்தில் இரண்டு பற்றறிக்கும் சேர்த்து 2 அம்பியர் வீணாகப் போகிறதென்றால் மணித்தியாலத்துக்கு 5.4 லீற்றர். இறுகப் பூட்டிய பெட்டி அரை மணித்தியாலத்தில் வெடிக்கிற நிலைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் சித்தப்பா பேசாமல் துளை போட விட்டார்.

எங்கள் ஊர் வெக்கை இதை இன்னும் கெடுக்கிறது. 25 பாகை செல்சியஸில் 12 வோல்ற் பற்றறி 14.4 வோல்ற்றை ஒட்டித்தான் நன்றாகக் குமிழ் விடத் தொடங்கும். வெப்பம் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அந்த எல்லை சுமார் 0.03 வோல்ற் கீழே இறங்கும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் 40 பாகை சும்மா வரும், அப்போது 14 வோல்ற்றுக்கு முன்னாலேயே குமிழத் தொடங்கிவிடும். வெப்பத்தைப் பார்த்து வோல்ற்றைக் குறைக்கத் தெரியாத மலிவுச் சார்ஜர் அது பாட்டுக்கு 14.4 வோல்ற்றைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

மூடியைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கரையில் நிற்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, போதும். ஆனால் மூடி இருப்பதே உப்புத் தண்ணீருக்காக. கடல் தண்ணீர் பற்றறிக்குள் போனால் குளோரின் வரும், அது ஐதரசனை விடக் கேவலம். தண்ணீர் உள்ளே வரக்கூடாது, வாயு உள்ளே நிற்கக்கூடாது, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை செய்ய வேண்டும்.

துளைகளில் தொடங்குங்கள், ஃபான் பிறகு. ஐதரசன் காற்றை விட 14 மடங்கு இலேசானது, ஆகவே வெளியே போகும் வழி பெட்டியின் ஆக உயரமான இடத்தில் இருக்க வேண்டும், 'கிட்டத்தட்ட மேலே' என்பது சரிவராது. மூடியின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பைபர் மூடிகளுக்கு உள்ளே பலத்துக்காகக் குறுக்குச் சட்டம் ஒட்டியிருப்பார்கள், அந்தச் சட்டங்களுக்கு நடுவில் தலைகீழாகக் கவிழ்த்த சட்டி மாதிரி இடங்கள் இருக்கும், வாயு அங்கேதான் போய்ப் படுக்கும். சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி விரல் தடிப்பில் இரண்டு மூன்று துளை போட்டு அந்த இடங்களை ஒன்றோடொன்று தொடுத்துவிடுங்கள். உள்ளே வரும் வழி எதிர்ப்பக்க மூலையில், பெட்டியின் அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே முடிய வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் வந்த காற்று நேரே வெளியே போகும், மற்றப் பக்கம் தேங்கியபடியே கிடக்கும்.

குழாய்க்கு 3 அங்குல பிவிசி பைப்பையே எடுங்கள். 2 அங்குலம் ஃபான் ஓடும்போது போதும், ஆனால் ஃபான் செத்துப்போன நாளையும் நினைக்க வேண்டும். நிலையான பற்றறி அறைகளுக்கான ஐஈசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62485-2 நியமத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, படகுக்கென்று எழுதியதில்லை என்றாலும் வாயு ஒன்றுதானே. தண்ணீர் ஊற்றுகிற 200 அம்பியர் மணி, 12 வோல்ற் பற்றறித் தொகுதிக்கு வேகச் சார்ஜில் மணித்தியாலத்துக்கு 1.2 கன மீற்றர் காற்று வேண்டும், அது ஃபான் இல்லாமல் தானாகவே போய்வர உள்ளேயும் வெளியேயும் தலா 34 சதுர சென்டிமீற்றர் வாய் வேண்டும். 2 அங்குலக் குழாயின் வாய் 20 சதுர சென்டிமீற்றர்தான், 3 அங்குலம் ஏறக்குறைய 45. கொஞ்சக் காசு வித்தியாசத்துக்கு ஃபான் நின்றாலும் ஓரளவு தப்பிக்கலாம். வெளிவாயில் இரண்டு முழங்கை மூட்டைப் பூட்டி, கைத்தடிப் பிடி மாதிரி வளைத்து வாயைக் கீழே பார்க்க வையுங்கள், தென்மேற்குச் சோழகக் காற்றில் அடிக்கிற தெறிப்பு நேரே உள்ளே வராது. வாயில் நுளம்பு வலை வேண்டாம், உப்பும் தூசியும் பிடித்து மாதத்துக்குள் அடைத்துவிடும், கொஞ்சம் பெரிய கண் வலை போடுங்கள்.

அப்புறம் ஃபான். இதில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். வாயுவை வெளியே இழுக்க வேண்டும் என்று நினைத்து மேல் துளையில் ஃபானைப் பூட்டுவார்கள், அப்போது வெடிக்கக்கூடிய வாயு முழுவதும் மோட்டரைத் தொட்டுக்கொண்டே போகும். பழைய கார் ஹீற்றர் மோட்டர், விளையாட்டுச் சாமான் மோட்டர் எல்லாம் கார்பன் பிரஷ் வைத்தவை, சுற்றும்போது உள்ளே பொறி பறந்தபடிதான் இருக்கும். அதை அங்கே பூட்டுவதும் தீக்குச்சி கிழிப்பதும் ஒன்றுதான். எங்களுடையது போன்ற திறந்த படகுக்கு நான் சொல்வது: உள்ளே தள்ளுங்கள். ஃபான் பெட்டிக்கு வெளியே, உள்வரும் குழாயின் மேல் முனையில், சுத்தமான காற்றில் நிற்கட்டும். பிரஷ் இல்லாத 12 வோல்ற் கணினி ஃபான் போதும், 80 அல்லது 120 மில்லிமீற்றர். 20 அம்பியர் சார்ஜரின் முழு மின்சாரமும் வாயுவாகவே போகிறது என்று ஆக மோசமாகக் கணக்குப் பார்த்தாலும் மணித்தியாலத்துக்கு 54 லீற்றர் ஐதரசன், அதை 1 சதவீதத்துக்குக் கீழே வைக்க 5.4 கன மீற்றர் காற்று போதும். சாதாரண 80 மில்லிமீற்றர் ஃபான் திறந்த வெளியில் அதைப்போல பல மடங்கு தள்ளும், குழாயும் வளைவும் கொஞ்சம் தின்றாலும் மிச்சம் தாராளம். குழாய் நீளமானால் மட்டும் நத்தை வடிவ புளோவர் ஃபான் எடுங்கள், அதற்கு அமுக்கம் கூட.

கபின் உள்ள படகுக்கு இது பொருந்தாது. உள்ளே தள்ளினால் மூடி இடுக்கால் கசிகிறது கபினுக்குள் போகும், அங்கே ஒருவர் தேத்தண்ணிக்கு அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அங்கே வெளியே இழுக்கத்தான் வேண்டும், அதற்குப் பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்த, படகுக்கென்றே விற்கிற புளோவரைத்தான் வாங்க வேண்டும். விலை கூடத்தான். இன்னொன்று, எந்தப் படகானாலும் ஃபான் காற்றெடுக்கிற இடம் பெற்றோல் கலன் பக்கம் இருக்கக்கூடாது. பெற்றோல் ஆவி பாரமானது, அடித்தளத்தில் தேங்கும், ஃபான் அதைத் தூக்கிப் பற்றறிப் பெட்டிக்குள் போட்டால் நீங்கள் செய்தது எல்லாம் தலைகீழ்.

இனித் தானாக ஓட வைப்பது. சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிட்டு "சார்ஜ் போடும்போது இதையும் போடுங்கோ" என்று சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். முதல் கிழமை போட்டார். சோலார் வந்த பிறகு போடுவதற்கு ஆளே இல்லை, வெயில் ஏறினால் சார்ஜ் தொடங்குகிறது. ஆகவே பற்றறியையே சுவிட்ச் போட வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதன் வோல்ற்று ஏறும், எந்த வழியில் ஏற்றினாலும் சரி, கரை மின்சாரம், எஞ்சின், வெயில், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே அடையாளம். வோல்ற்றைப் பார்த்து வேலை செய்கிற றிலே (மின்சாரத்தால் தானாகத் திறந்து மூடுகிற சுவிட்ச்) ஒன்று வாங்குங்கள், இரண்டு பற்றறிகளைப் பிரித்துச் சார்ஜ் பண்ண வாகனங்களுக்கு விற்பதும் இதே வகைதான். ஆனால் ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் தனித்தனியாக வைக்கக்கூடிய சின்ன மின்னணுப் பலகை கிடைத்தால் அதுதான் எனக்குப் பிடித்தது.

அந்த இரண்டு எல்லைகளில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ஓடத் தொடங்குவது 13.6 வோல்ற். சும்மா இருக்கிற பற்றறி அவ்வளவு காட்டாது, குமிழ் விடும் எல்லைக்கும் இது கீழே, ஆகவே வாயு வருவதற்கு முன்னாலேயே காற்று ஓடத் தொடங்கிவிடும். நிற்பது 13.0 வோல்ற். நான் முதலில் 12.6 என்று வைத்து முட்டாளானேன். நிரம்பிய பற்றறி ஓய்வில் இருக்கும்போதே 12.7 காட்டும், அதற்குக் கீழே இறங்கினால்தான் ஃபான் நிற்கும் என்றால் அது பற்றறியைக் குடித்துக் குடித்து இறக்கிய பிறகுதான் நிற்கும். காலையில் போனபோது எல்லாம் அமைதி, ஃபான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 13.0 வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: சார்ஜரை நிறுத்தியவுடன் வோல்ற்று சட்டென்று விழாது, மெல்ல மெல்ல இறங்கும், அதுவரைக்கும் ஃபான் ஓடி மிச்ச வாயுவையும் துரத்திவிடும். சார்ஜர் 13.5இல் பிடித்து வைத்திருக்கும் கடைசிக் கட்டத்திலும் அது நிற்காது, அதுவும் நமக்கு வேண்டியதுதான்.

வயர் வேலை கடினமில்லை. பற்றறியின் கூட்டல் முனையிலிருந்து 2 அம்பியர் பியூஸ் வழியாக றிலேயின் தொடுகைக்கு, அங்கிருந்து ஃபானின் சிவப்பு வயருக்கு, ஃபானின் கறுப்பு கழித்தல் முனைக்கு. வோல்ற்றைப் பார்க்கிற பலகைக்கு 1 அம்பியர் பியூஸோடு தனி வயர் ஒன்று, அதையும் பற்றறி முனையிலேயே பிடியுங்கள். விளக்கு, பம்ப் எல்லாம் தொங்குகிற வயரில் பிடித்தால் பம்ப் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் வோல்ற்று குலுங்கி றிலே டக் டக் என்று அடிக்கும். றிலே, பலகை, பியூஸ், வயர் இணைப்புகள் எதுவும் பெட்டிக்குள் இருக்கக்கூடாது. தொடுகை திறந்து மூடும்போதும், பியூஸ் எரியும்போதும் பொறி வரும். உள்ளே இருப்பது பற்றறியும், இறுக முறுக்கி மூடி போட்ட முனைகளும், வயரும் மட்டும்தான். பியூஸை வெளியே வைத்தாலும் பற்றறிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள், பியூஸுக்கு முன்னால் இருக்கிற வயருக்குக் காவல் இல்லை.

உப்புக் காற்றுக்கு வெறும் செப்புக் கம்பி தாங்காது, ஒரு வாடைக்காற்றுக் காலத்துக்குள் உறைக்குள்ளேயே பச்சைப் பொடியாகிவிடும், வெள்ளீயம் பூசிய கம்பி கிடைத்தால் எடுங்கள். பலகையில் எல்லைகளைச் சரிபண்ணிய பிறகு, எல்லை மாற்றுகிற திருகாணி, பட்டன், றிலே தவிர மற்ற இடமெல்லாம் நகப்பூச்சு இரண்டு தடவை பூசினேன், தங்கச்சியின் சிவப்பு நிறம்தான் கிடைத்தது, மூன்று வருடமாக அழகாகத்தான் இருக்கிறது. புளிக்காடி மணம் வருகிற சிலிக்கன் பசையை மட்டும் அதில் அப்ப வேண்டாம், காயும்போது வரும் அசற்றிக் அமிலம் செம்பை அரிக்கும்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லை, கரையில் நின்று மட்டும்தான் சார்ஜ் போடுவேன் என்கிறவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. பழைய 12 வோல்ற் அடாப்டர் ஒன்றில் ஃபானைப் பூட்டி, சார்ஜர் செருகுகிற அதே மல்ரிபிளக்கில் அதையும் செருகிவிடுங்கள். சார்ஜருக்கு மின்சாரம் வந்தால் ஃபானுக்கும் வரும். பத்து நிமிட வேலை. ஆனால் பிளக்கைக் கழற்றியவுடன் ஃபானும் நிற்கும், ஆகவே முதலில் சார்ஜரை நிறுத்திவிட்டு ஃபானைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் மூடியில் கைவைக்க வேண்டும். 230 வோல்ற் வயர் ஈரமான துறைமேடையில் கிடக்கிறது என்பதையும் மறக்காதீர்கள், மின்சாரம் கசிந்தால் தானாக வெட்டிவிடுகிற றிப் சுவிட்ச் இல்லாத இணைப்பிலிருந்து படகுக்கு லைன் இழுக்கிறவரைப் பார்த்தால் எனக்குப் பற்றறியை விட அவரைத்தான் பயம்.

பூட்டி முடிந்ததும் சோதிக்க வேண்டும். ஊதுவர்த்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாமே என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். பற்றறிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஊதுவர்த்தியா, நல்ல யோசனை. பொலித்தீன் பையில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி வெளிவாயில் ஒட்டிவிடுங்கள், ஃபான் ஓடினால் அது படபடக்கும், துறைமேடையில் நின்றே தெரியும். சார்ஜரைப் போட்டு மல்ரிமீற்றரைப் பற்றறியில் பிடித்துக்கொண்டு 13.6இல் கீற்று ஆடத் தொடங்குகிறதா, சார்ஜரை நிறுத்திய பிறகு 13.0 வந்ததும் அடங்குகிறதா என்று ஒரு தடவை இருந்து பாருங்கள். மூடியைச் சாத்தியும் பாருங்கள், திறந்து வைத்துச் சோதித்துவிட்டு மூடியபோது குழாய் வாயை மூடியின் ரப்பரே அடைத்த கதை எங்களுடையது.

சீல் பண்ணின பற்றறி வைத்திருந்தால் வாயு குறைவு, ஆனால் இல்லை என்று இல்லை, சார்ஜர் பிழைத்தால் அதன் வால்வும் திறக்கும், துளைகள் அதற்கும் வேண்டும். லித்தியம் பற்றறிக்கு இந்த 13.6, 13.0 கணக்குச் சரிவராது, அது ஓய்விலேயே 13.3 அளவில் நிற்கும், அது ஐதரசன் பிரச்சினையும் இல்லை, அதை விட்டுவிடுகிறேன்.

வோல்ற் பார்க்கிற பலகை எப்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். படகு மாதக்கணக்கில் கரையேறி நிற்கப்போகிறதென்றால் அதன் பியூஸைக் கழற்றலாம், ஆனால் சோலார் பனலையும் கழற்றிவிட்டுத்தான். பனல் பூட்டியிருக்க ஃபானை மட்டும் கழற்றினால் பழையபடி சித்தப்பாவின் காலைப்பொழுதுதான். ஃபானும் கனகாலம் இருக்காது. எங்களுடையது இரண்டாவது வாடைக்குப் பிறகு முனகத் தொடங்கியது, கழற்றி இதழைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் உப்பும் பழைய எண்ணெயும் சேர்ந்து மா மாதிரி உறைந்திருந்தது. இப்போது பழைய கணினியொன்றிலிருந்து கழற்றிய இன்னொன்றைப் பொலித்தீனில் சுற்றி படகின் முன்பக்க அணியத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறோம், நாலு திருகாணிதான், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.